ஞானக் கோலியின் திருவாக்கு

ஞானக் கோலி இன்றைக்கு என்ன சொல்லியிருக்கிறார்? காலையில் பல் தேய்க்கிறார்களோ இல்லையோ, அந்த ஊர்க் கால்பந்து ரசிகர்கள் அத்தனை பேரும் முதலில் தேடுவது இதைத்தான். பந்து உருள்வதற்கு முன்பே முடிவு தெரிந்துவிடும் என்றால், இருபத்திரண்டு பேர் எதற்காகச் சட்டை நனைய ஓட வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் தெய்வக் குற்றம்.

ஞானக் கோலி ஒரு காலத்தில் உள்ளூர் அணியின் மூன்றாவது கோல்கீப்பர். மூன்றாவது என்றால், முதல் ஆளுக்குக் கால் சுளுக்கி, இரண்டாவது ஆளுக்குக் காய்ச்சல் வந்தால்தான் கையுறை மாட்டுவார். அப்படி ஒரு நாள் மாட்டினார். பந்து கையில் படாமல் நெற்றியில் பட்டது. விழுந்தார். எழுந்திருக்கும்போதே முக்காலமும் தெரிந்துவிட்டதாம். அந்தப் பந்து கோலுக்குள் போனதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

அதற்குப் பிறகு ரசிகர்களின் இணையதளத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். தளத்தில் நாலு அறைகள் உண்டு. ஆட்ட அறையில் பந்தைப் பற்றிச் சண்டை. அரசியல் அறையில் கூட்டணிகளைப் பற்றிச் சண்டை. சட்ட அறையில் நடுவர் ஊதிய விசில் செல்லுமா செல்லாதா என்று நீதிமன்ற பாணியில் வாதம். டிவி அறையில் தொடர் நாடகத்து மாமியார்களைத் திட்டி ஒரே கண்ணீர். ஒரு அறைக்காரர் இன்னொரு அறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். சட்ட அறைக்காரருக்கு டிவி அறை என்றால் இளக்காரம். அரசியல் அறைக்காரருக்கோ மற்ற மூன்றுமே வெட்டிக் கும்பல்.

ஆட்டம் இருக்கிற நாளில் காலையிலேயே அறைக்கு அறை வாக்கு இறங்கும். அதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. விசில் ஊதும் வரை வாக்கை வாயால் சொல்லக் கூடாது, திருப்பி எழுதவும் கூடாது. மீறினால் கண் பட்டுவிடும், அணி தோற்றுவிடும். ரசிகர்களுக்கு இது கசக்குமா? ஜெயித்த நாளில் போட்ட காலுறையைச் சீசன் முடியும் வரை துவைக்காதவர்கள் ஆயிற்றே. வாயை இறுக்க மூடிக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் ஏதாவது ஒரு அறையில் வாக்கு அச்சாகப் பலித்திருக்கும். மற்ற மூன்று அறைகளிலும் 'பதிவு நீக்கப்பட்டது' என்று ஒற்றை வரி தொங்கும். அருள் ஒரு அறையில் தங்கிவிட்டால் மற்ற இடத்தில் எழுத்து தானாகக் கரைந்துவிடும் என்று அதற்கும் விளக்கம் வந்தது. அதையும் நம்பினார்கள். கையுறையால் ஆசீர்வதித்த கழுத்துத் துண்டு விற்றது. தனியாக வாக்கு கேட்க மாதச் சந்தா. கல்யாணம், வேலை, கோர்ட் கேஸ் எல்லாவற்றுக்கும் அந்த நெற்றி பதில் சொன்னது.

இந்த நாலு அறைக்கும் போய்வரும் ஒரே ஜீவன் ஆஃப்சைடு அக்கா. தொழில் பல் டாக்டர். ஊசி போட்டு ஈறு மரத்துப்போகிற வரைக்கும் நோயாளியும் பேச முடியாது, அக்காவுக்கும் வேலை இருக்காது. அந்த இடைவெளியில் நாலு அறையையும் ஒரு சுற்று படித்துவிடுவாள். கோட்டோர நடுவர் 'ஆஃப்சைடு' என்று கொடி தூக்கி ஆட்டத்தை நிறுத்துவதுபோல, எதைப் படித்தாலும் ஒரு ஆட்சேபம் எழுப்புவாள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

ஒரு நாள் ஒரே ஆட்டத்துக்கு ஆட்ட அறையில் வெற்றி என்றும் அரசியல் அறையில் டிரா என்றும் வாக்கு இருந்ததைப் பார்த்தாள். இரண்டையும் படம் பிடித்துத் தளத்தில் போட்டாள். நல்லது செய்ததாக நினைப்பு. படத்தை அவளே தயாரித்துவிட்டாள் என்றார்கள். வாக்கை வெளியில் சொல்லிக் கண் வைத்துவிட்டாள் என்றார்கள். அன்றைக்கு அணி தோற்றுத் தொலைத்தது. பின்கள வீரர் பந்தைத் தன் கோலுக்குள்ளேயே அடித்ததற்கும் அக்காதான் காரணம் என்று முடிவாகிவிட்டது. சரி, இவர்கள் தலையில் அவன் மிளகாய் அரைத்தால் எனக்கென்ன என்று அவளும் விட்டுவிட்டாள்.

விட்டதைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது தம்பியால்.

தம்பி பஸ் டிரைவர். பிரேக் சரியாகப் பிடிக்காத வண்டியை எடுக்க மாட்டேன் என்று டெப்போவில் நின்றான். மேனேஜர் அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். அவன் கோர்ட்டுக்குப் போனான். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி, திங்கட்கிழமை ஒரு சமாதானத்தோடு வாருங்கள், இல்லாவிட்டால் கேஸ் வருஷக்கணக்கில் இழுக்கும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். பேசிவிடு, இல்லையென்றால் உன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று வக்கீலும் தலையில் அடித்துக்கொண்டார். தம்பி அசையவில்லை. அவன் மனைவி அக்காவின் கிளினிக்குக்கே வந்து, வாயைத் திறந்து வைத்திருந்த நோயாளிக்கு எதிரிலேயே அழுதாள்.

சனிக்கிழமை அக்கா அவன் வீட்டுக்குப் போனாள். பேச்சுவார்த்தைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டாள்.

"ஞானி இறங்கிப் போகாதன்னு சொல்லிட்டாருக்கா. மேனேஜரே நம்ம வாசலுக்கு வருவாராம்."

"மூணாவது கோல்கீப்பர் சொன்னதுக்காகவா வக்கீல் பேச்சைத் தட்டுற?"

"வக்கீலுக்குச் சட்டம் தெரியும். அவருக்கு நடக்கப்போறது தெரியும்."

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. சின்ன வயதில் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்த பயல், டார்ச் விளக்கைக்கூட விட்டுவைக்காதவன், இன்றைக்கு இவ்வளவு பெரிய பூவைக் காதில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இவனிடம் இனி வாதம் செய்து பயனில்லை, கண்ணால் பார்க்க வைக்க வேண்டும் என்று முடிவு கட்டினாள். நாளைக்கு மாலை ரசிகர் கிளப் கூடத்துக்கு நீயும் வா என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் அணி முதல் பிரிவில் இருக்கும், இல்லாவிட்டால் கீழே போகும். கிளப் கூடத்தில் பெரிய திரை கட்டி, மடக்கு நாற்காலி போட்டு, உட்கார இடமில்லாமல் ஜனம். ஞானக் கோலியே நேரில் எழுந்தருளியிருந்தார். இரண்டு கையிலும் கோல்கீப்பர் கையுறை. வருகிறவர்கள் குனிய, நெற்றியில் ஆளுக்கு ஒரு தட்டு. தட்டு வாங்கியவர் கண்ணில் நீர் தளும்பத் திரும்பினார். கொஞ்சம் பலமாகத்தான் தட்டினார் போலிருக்கிறது. முதல் வரிசையில் டெப்போ மேனேஜர், கடைசி வரிசையில் தம்பி. இரண்டு பேர் கழுத்திலும் ஒரே நிறத் துண்டு. ஒருவர் இருக்கிற பக்கம் மற்றவர் திரும்பவே இல்லை.

அக்கா நேராக முன்னால் போனாள். வந்துட்டாடா கண்ணு வைக்கிறதுக்கு என்று பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. அவள் காதில் வாங்கவில்லை.

"ஐயா, விசில் வரைக்கும் வாக்கை வாயால சொல்லக் கூடாது, எழுதக் கூடாது. கட்டுப்பாடு அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாம்மா."

"காட்டலாமா?"

ஞானி யோசித்தார். முக்காலம் தெரிந்தவருக்கு இந்தக் கேள்வி வரப்போவது மட்டும் தெரிந்திருக்கவில்லை. அதற்குள் சட்ட அறையின் தலைவர், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருப்பவர், எழுந்துவிட்டார். ஞானியிடம் அவரைப் போல் பக்தி கொண்டவர் கிடையாது. ஆனால் ஒரு சட்ட நுணுக்கம் கண்ணெதிரே போகும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவரால் முடியாது.

"தடை சொல்வதற்கும் எழுதுவதற்கும் மட்டுமே. காட்டுதல் தடை செய்யப்படவில்லை. தடை செய்யப்படாதது அனுமதிக்கப்பட்டதே" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு உட்கார்ந்தார்.

அப்படியானால் அறைக்கு ஒருவர் முன்னால் வந்து, இன்றைக்குத் தங்கள் அறையில் வந்த வாக்கைத் திறந்து, போனை மேஜை மேல் வையுங்கள் என்றாள் அக்கா. ஆட்ட அறைக்காக ஒரு பெயிண்டர் வந்தார். அரசியல் அறைக்காக மளிகைக் கடைக்காரர். சட்ட அறைக்குக் குமாஸ்தாவே. டிவி அறையிலிருந்து யாரும் வரவில்லை. தளத்திலேயே அதிகக் கூட்டம் அந்த அறையில்தான். கூடத்தில் ஒரு ஆள்கூட நாடகம் பார்க்கிறவரில்லை! எல்லோரும் மோட்டுவளையை ஆராய்ந்தார்கள். கடைசியில் முதல் வரிசையில் ஒரு கை பாதி தூரம் உயர்ந்தது. மேனேஜரின் கை. அந்த அறையில் தினமும் விக்கி விக்கி அழுகிற 'சின்ன மருமகள்' என்ற புனைபெயர்க்காரர் சாட்சாத் அவர்தான். டெப்போவில் அவர் இருமினால் கண்டக்டர்கள் எழுந்து நிற்பார்கள். இப்போது அவர் யார் முகத்தையும் பார்க்காமல் போனை வைத்துவிட்டு மேஜையருகிலேயே நின்றார்.

நாலு போனும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஆட்ட அறைக்கு, வெற்றி நமதே. அரசியல் அறைக்கு, இரு தரப்பும் சமம், டிராவில் முடியும். சட்ட அறைக்கு, நடுவரின் அநீதியால் தோல்வி. டிவி அறைக்கு, எதிர்பாராத திருப்பம், மழையால் ஆட்டமே நின்றுபோகும். அவரவருக்கு எது ருசியோ அதைப் பரிமாறியிருந்தார் மனுஷன்.

ஜனம் வரிசையில் வந்து பார்த்தது. யாரும் வாய் திறக்கவில்லை, கட்டுப்பாடு ஆயிற்றே. வந்தவர் நாலையும் படிப்பார், ஞானியைப் பார்ப்பார், மறுபடி படிப்பார், நகர்வார். எல்லோரும் மேஜையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற தைரியத்தில் ஞானி மெல்லத் தன் போனை எடுத்து அழிக்கப் பார்த்தார். கையுறை போட்ட விரலுக்குப் போன் அசைந்து கொடுக்குமா? கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தார். அக்காவுக்குத் தொழில் புத்தி, அந்தக் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருப்பதையும் கவனித்துக்கொண்டாள். கையுறை கழன்றது. விரல் ஓடியது. மேஜை மேல் குமாஸ்தாவின் போனில் எழுத்து மறைந்து 'பதிவு நீக்கப்பட்டது' என்று வந்தது. அடுத்தது மளிகைக் கடைக்காரர் போன். பிறகு மேனேஜர் போன். நாலாவதை அழிப்பதற்குள் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்துவிட்டார். போன் ஒரு கையில், கையுறை வாயில். அருள் கரைகிற அழகைக் கூடமே கண்குளிரப் பார்த்தது.

முதலில் குரல் எழுப்பியவர் மேனேஜர்தான்.

"அப்போ எனக்குத் தனியா அனுப்பினது? வண்டியைத் தொடாதே, தொட்டா தோத்தேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி, திங்கட்கிழமை டிரைவரே உன் கால்ல விழுவான்னு சொன்னியே?"

தம்பி கடைசி வரிசையிலிருந்து எழுந்து முன்னால் வந்தான். தனக்கு வந்த வாக்கை அவர் முகத்துக்கு நேராக நீட்டினான். மேனேஜர் அதைப் படித்தார். இரண்டு பேரும் சந்தா கட்டியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் வெற்றி விற்கப்பட்டிருக்கிறது. கோர்ட் ஏறியதிலிருந்து அவர்கள் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அக்காவுக்கு மட்டும் வேறொன்று உறைத்தது.

"சார், அந்த வண்டியை இதுவரைக்கும் பட்டறைக்கே அனுப்பலையா?"

மேனேஜர் தலை கவிழ்ந்தது. "அனுப்பணும்னுதாம்மா இருந்தேன். இவன் தொடாதேன்னுட்டான்."

"இப்போ எங்க இருக்கு?"

"ஓடிட்டிருக்கு. இங்க இருக்கிறவங்கல்லாம் வந்ததே அதுலதான்."

பெயிண்டர் கூட வந்திருந்த தன் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். மேனேஜர் டெப்போவுக்குப் போன் செய்து, வண்டி எங்கே இருந்தாலும் அங்கேயே ஓரங்கட்டச் சொன்னார். இந்த அமளியில் ஞானக் கோலி பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தார். குமாஸ்தா விடவில்லை. சந்தா கட்டிய அத்தனை பேர் சார்பிலும் புகார் கொடுக்கப் போவதாகச் சொல்லி, அவரைத் தன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார வைத்துக்கொண்டு, எந்தெந்தப் பிரிவில் வழக்கு நிற்கும் என்று ஆட்டம் முடியும் வரை அவருக்கே விளக்கினார். அதைவிடப் பெரிய தண்டனை எந்தக் கோர்ட்டும் கொடுத்துவிட முடியாது.

ஆட்டம் நடந்தது. மழை இல்லை. நடுவரும் ஒழுங்காகவே ஊதினார். வாக்கு வெட்டவெளிச்சமான பிறகும் அணி ஜெயித்தது. நன்றாக ஆடினார்கள், ஜெயித்தார்கள்.

வெளியே வந்தால் பஸ் இல்லை. வேறு வழியில்லாமல் எல்லோரும் நடந்தார்கள். தம்பியும் மேனேஜரும் முன்னால் போனார்கள். காலையிலேயே வண்டி பட்டறைக்குப் போகிறது, நீ ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் ரோட்டில் விடுவேன், கோர்ட்டிலும் அதையே சொல்கிறேன் என்றார் மேனேஜர். நான் மட்டும் என்ன, ஒரு போன் செய்து பேசியிருக்கலாம் என்றான் தம்பி. பின்னால் நடந்த அக்காவுக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

பெயிண்டர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தார்.

"எல்லாம் சரிதான் அக்கா. இருந்தாலும் ஆட்ட அறையில ஜெயிப்போம்னு அவர் சொன்னது பலிச்சிடுச்சில்ல?"

அக்கா நின்றுவிட்டாள். அவரைப் பார்த்தாள், தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள்.

"வீடு வர்றதுக்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்கு. கால் அது பாட்டுக்கு நடக்கட்டும். கூடவே மூளையையும் கொஞ்சம் நடக்க விடுங்க."