ஸ்டெப்னி சாரின் ஜீப்பில் இடது பக்க சீட்

உலகத்தில் எந்தப் பொருளும் ஒன்றே ஒன்றாக இருக்கக் கூடாது என்று கொள்கை வகுத்து, அந்தக் கொள்கைக்காகவே வாழ்ந்த மனிதர் இந்த தேசத்தில் ஒருவர்தான். அவர் கடலூரில், எங்கள் அலுவலகத்தில், எனக்கு அடுத்த மேஜையில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தார். வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் டீக்கடைக்காரர் முதல் பெரிய அதிகாரி வரை அவரை ஸ்டெப்னி சார் என்றுதான் சொல்வோம்.

சட்டைப் பையில் இரண்டு பேனா. மூக்கில் ஒரு கண்ணாடி, கைப்பையில் ஒரு கண்ணாடி. மதியச் சாப்பாட்டுக்கு ஒரே குழம்போடு இரண்டு டிபன் பாக்ஸ். கேட்டால், “ஒண்ணு கீழ கொட்டிடுச்சின்னா?” என்பார். பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் கொட்டவில்லை. அதனால் இரண்டாவது டிபன் பாக்ஸை நான்தான் காலி செய்தேன். போனில் பேசி வைத்த இரண்டாவது நிமிஷம் மறுபடியும் கூப்பிட்டு, “மொதல்ல சொன்னது சரியா காதுல வுழுந்துச்சா மாமா?” என்று உறுதிப்படுத்திக்கொள்வார். எனக்கும் அவருக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. எங்கள் பக்கத்தில் மாமா என்று கூப்பிடச் சொந்தம் தேவையில்லை.

அவர் கல்யாணத்தன்று இரண்டு தாலி செய்து, ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தார் என்று அலுவலகத்தில் ஒரு வதந்தி உண்டு. இது அநியாயம் என்று எனக்கே தோன்றி, அவர் மனைவி செல்வி அக்காவிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

“சேச்சே, தாலி இல்ல சார். மெட்டி” என்றார் அவர்.

இப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் திட்டக்குடியில் ஒரு கரும்பு விவசாயியிடமிருந்து பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்றை வாங்கி வந்தார். எதைப் பார்த்து வாங்கினீர்கள் என்று கேட்டேன். பின்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என அதற்கு இரண்டு ஸ்டெப்னி டயர் இருந்ததாம். இன்ஜினை அவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் திறந்து பார்த்திருக்கிறார்.

“கட்ச் போறோம் மாமா. குஜராத்து. கண்ணுக்கெட்டுன வரைக்கும் வெள்ளையா உப்பு. ஓட்டல் கீட்டல் எதுவும் கெடையாது. போற வழியெல்லாம் டென்ட்டு, நம்ம சமையல். ஒரு மாசம். லெஃப்ட் சீட்டு உனக்கு.”

இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சாதாரணமாக இல்லை. சிதம்பரத்தில் வீடு, கடலூரில் வேலை. காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். அந்த ரோட்டில் எந்த வளைவில் எந்த ஊர் போஸ்டர் என்றுகூட எனக்கு மனப்பாடம். வாழ்க்கையில் நான் போன அதிகபட்ச தூரம் திருப்பதி. அதனால் அந்த இடது பக்க சீட்டைப் பற்றி என் மனைவியிடம் சொன்னேன், அலுவலகத்தில் சொன்னேன், பஸ் கண்டக்டரிடமும் சொன்னேன். பெரிய அதிகாரியின் அறைக்கு ஒன்பது தடவை நடந்து ஒரு மாத விடுப்பு வாங்கினேன்.

ஜீப்பைத் தங்கும் வண்டியாக மாற்ற வேண்டும். கார் ஒர்க்‌ஷாப்காரர்கள் ஸ்டெப்னி சார் கொடுத்த பட்டியலைப் பார்த்துவிட்டு ஆள் இல்லை என்றார்கள். அவர் நேராகத் துறைமுகத்துக்குப் போய், மீன்பிடிப் படகு கட்டும் ஆசாரி கலியமூர்த்தியை அழைத்து வந்தார். கலியமூர்த்தி வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

“எங்க போட்டுல பத்து பேரு பத்து நாளு ஆக்கித் தின்னு தூங்கி எழுந்து வர்றான். ரெண்டு பேருக்குத்தான? பண்ணிடலாம் சார்.”

உண்மையிலேயே அழகாகப் பண்ணினார். பின்கதவைத் திறந்து இழுத்தால் அடுப்போடு சமையல் மேடை வெளியே வரும். படகில் மீன் வைக்கும் பெட்டி மாதிரியே ஃபைபரில் ஐஸ் பெட்டி. கூரையில் கம்பிச் சட்டம், அதன் மேல் விரியும் கூடாரம். மேடு பள்ளத்தில் ஒரு கரண்டிகூட ஆடாதபடி ஒவ்வொன்றுக்கும் கொக்கி. அவர் செய்த ஒரே தவறு, வண்டிக்கு நங்கூரம் வைத்ததுதான்.

“ரோட்டுல எதுக்குங்க நங்கூரம்?” என்றேன்.

“நங்கூரம் இல்லாம இதுவரைக்கும் நான் எதையும் வெளிய அனுப்புனது இல்ல சார். எனக்கு மனசு கேக்காது.”

ஸ்டெப்னி சார் தலையாட்டினார். “கரெக்ட்டு. ரெண்டா வச்சிடுங்க.”

ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது. சமையல் மேடை வலது பக்கம் என்பதால், அதற்குச் சமமாக இடது பக்கம் பாரம் வேண்டும் என்று கலியமூர்த்தி சொல்லிவிட்டார். படகில் அது சரி. ஜீப்பில் இடது பக்கம் என்றால் நான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடலூர் போய் என் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பேன். முதல் வாரம் கால் வைக்கும் இடத்தில் இரண்டாவது தண்ணீர் கேன் இருந்தது. அடுத்த வாரம் முதுகுக்குப் பின்னால் இரண்டாவது பேட்டரி. அதற்கடுத்த வாரம் இரண்டாவது அடுப்பு. இரண்டு பேருக்கு நான்கு மடக்கு நாற்காலி வாங்கி, அதில் இரண்டை என் தோளுக்கும் கதவுக்கும் நடுவே செருகினார்.

“மாமா, மடியில ஒரே ஒரு கேனு வச்சிக்கிறியா? சின்னதுதான்.”

“ஒண்ணா, ரெண்டா சார்?”

“ரெண்டுதான்.”

வைத்துக்கொள்கிறேன் என்றேன். அந்த சீட்டுக்காக நான் எதையும் மடியில் வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஆள் இல்லாத பக்கமாகப் போய் ஒத்திகை பார்த்தோம். மணலில் இறங்கிய வண்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. படகு இழுக்கும் டிராக்டரைக் கூட்டி வந்து கயிறு கட்டினோம். முதல் கயிறு அறுந்தது. ஸ்டெப்னி சார் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. இரண்டாவது கயிற்றை எடுத்துக் கட்டி, வண்டி வெளியே வந்ததும் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். “பாத்தியா? பாத்தியா?”

அந்த உற்சாகத்தில் கூடாரத்தையும் விரித்துவிடலாம் என்றார். மேலே ஏற ஏணி வேண்டும். ஸ்டெப்னி சாரிடம் ஏணி இரண்டு. பக்கத்துப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். நான் ஒரு காலை ஒரு ஏணியிலும் மறு காலை மறு ஏணியிலும் வைத்து ஏறினேன். நான்காவது படியில் ஒரு ஏணி சென்னைப் பக்கமும் இன்னொன்று புதுச்சத்திரம் பக்கமும் போக, நான் நடுவில் இறங்கினேன். ஒரே ஏணி இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

எக்ஸ்ரேவில் இடது காலில், கணுக்காலுக்கு மேலே விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. டாக்டரிடம் ஸ்டெப்னி சார் கவலையோடு கேட்ட ஒரே கேள்வி இதுதான்:

“இன்னொரு காலு நல்லாருக்குல்ல டாக்டர்? பரவால்ல, ஒண்ணு ஸ்டெப்னி இருக்கு.”

சிதம்பரத்தில் என் வீட்டில் கொண்டுவந்து விட்டபோது, பெருந்தன்மையாக ஒரு வார்த்தை சொன்னேன். “எனக்காகப் பாக்காதீங்க சார். நீங்க போய்ட்டு வாங்க.”

‘நீ இல்லாமயா?’ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு “ம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எல்லாவற்றுக்கும் இரண்டு முறை கூப்பிடுகிறவர் அந்த வாரம் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. நான்காம் நாள் அலுவலக நண்பர் ஒருவர் போன் செய்து துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்: “நேத்து அவரு வீட்டுப் பக்கம் போனேன். செல்வி அக்காவோட தம்பி, அந்த புவனகிரி மச்சான், லெஃப்ட் சீட்டுல உக்காந்திருக்காரு. இவரு டேப் வச்சி அளந்துகிட்டு இருக்காரு.”

பேனாவுக்கு, கண்ணாடிக்கு, மெட்டிக்கு எல்லாம் இன்னொன்று வைத்திருப்பவர் எனக்கும் ஒன்று வைத்திருப்பார் என்பது பதினோரு வருஷமாக என் மண்டையில் ஏறவில்லை. வயிறு எரிந்தது. அழுகையும் வந்தது, மறைப்பானேன்? என் மனைவி தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, “ரெண்டாவது டிபன் பாக்ஸ யாரு துன்னாங்களோ அவுங்களுக்கு இது வேணும்” என்றாள்.

கிளம்புவதாக இருந்த நாள் காலையில் தெருவில் ஹாரன் சத்தம். ஒரு ஹாரன் இல்லை, இரண்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜீப். இடது பக்க சீட்டில் புவனகிரி மச்சான். வழியனுப்ப வேறு நான் எழுந்து போக வேண்டுமா என்று உட்கார்ந்தே இருந்தேன். மச்சான் இறங்கினார். அவர் இடது காலில், முழங்காலிலிருந்து பாதம் வரை ஒரு பலகை கட்டியிருந்தது. நொண்டிக்கொண்டே படியேறி வந்தார்.

“சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும், சீக்கிரம் கிளம்புங்க. எங்க அக்கா வூட்டுக்காரரு ஒரு வாரமா என் கால்ல பலகையக் கட்டி உக்கார வச்சி அளவெடுக்கறாரு. உங்க உசரமும் என் உசரமும் ஒண்ணாம். இனிமே உங்க காலு, உங்க பாடு.”

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். என் சீட் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. எதிரே காலை நீட்டி வைக்க, கலியமூர்த்தி ஒரு மெத்தைப் பலகை பொருத்தியிருந்தார். மாவுக்கட்டுக்குக்கூட ஒரு வார் இருந்தது. இரண்டாவது தண்ணீர் கேன், இரண்டாவது பேட்டரி, இரண்டாவது அடுப்பு எதையும் காணோம். வலது பக்கமும் பாதி காலி. பின்னால் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு ஸ்டெப்னி டயர் தொங்கியது, பக்கவாட்டில் இருந்தது இல்லை.

“இன்னொண்ணு எங்க சார்?”

“எறக்கிட்டேன். நீ காலு நீட்டணும்ல. ஒரு பக்கம் எறக்குனா அந்தப் பக்கமும் எறக்கணும்னு கலியமூர்த்தி சொல்லிட்டாரு. ரெண்டு டாக்டருகிட்ட கேட்டுட்டேன், காலத் தூக்கி வச்சிகிட்டா போவலாம்னு ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க.”

“வழியில ரெண்டு டயரு போச்சின்னா?”

“போனா நிப்போம். நங்கூரம் இருக்குல்ல?”

“மச்சானையே கூட்டிட்டுப் போயிருக்கலாமே சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. “அவன் வெறும் ம் கொட்டுவான் மாமா. ஒண்ணா ரெண்டான்னு ஒரு மாசம் எவன் கேக்கறது? ஏறு, வெயில் வந்துடும்.”

போனோம். வழியில் ஒரு டயர்கூடப் போகவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பதினோராம் நாள் காலையில் கட்ச் உப்பு வெளியில் வண்டியை நிறுத்தினார். எதிரே வானம் வரைக்கும் வெள்ளை. அவர் முதலில் என் மாவுக்கட்டுக்கு பிளாஸ்டிக் பை சுற்றினார். பிறகு பின்கதவைத் திறந்து, வழியெல்லாம் நான் சீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கியதால் அதுவரை வெளியே எடுக்காத ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து வந்து உப்பின் மேல் விரித்து, என்னைத் தாங்கிப் பிடித்து அதில் உட்கார வைத்தார். நான் அவருடைய நாற்காலிக்காகத் திரும்பிப் பார்த்தேன். வண்டியில் வேறு நாற்காலி இல்லை. கடலூரில் ஏற்றிய நான்கில் மூன்றை அவர் இறக்கிவிட்டிருந்தார்.

“நீங்க உக்காருங்க சார்.”

“நீ உக்காரு மாமா. எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தான இருக்கு?”

வெயில் ஏறும் வரை அவர் என் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று பதினோரு வருஷம் கழித்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.