ஆறடி ஒன்பது அங்குலமும் ஒரு கும்பிடும்

கராமா, துபாய்
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் சீதாராமன் அவர்களுக்கு, உமாபதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே வெயில் உட்பட எல்லோரும் சௌக்கியம். நீலா அக்காவின் முழங்கால் வலி தேவலை என்று பத்மா சொன்னாள், சந்தோஷம்.

உங்கள் பம்ப் கம்பெனியில் நிதினுக்காகப் பிடித்துவைத்திருக்கும் வேலையை வெள்ளிக்கிழமைக்கு மேல் நிறுத்திவைக்க முடியாது, கூடைப்பந்தில் பையன் தேறுவானா மாட்டானா என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதச் சொல்லியிருந்தீர்கள். வியாழக்கிழமை ஷார்ஜாவில் ஒரு கிளப்காரர்கள் அவனை ஆடவிட்டுப் பார்க்கிறார்கள், ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஜெபல் அலி துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷமாக, வந்திறங்கும் சரக்கைப் பிரித்துப் பார்த்து ‘ஓகே’, ‘ரிஜெக்ட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன் நான். பெற்றவன் என்பதை ஓரமாக வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உயரம் ஆறடி ஒன்பது அங்குலம், அதில் குறையில்லை. கல்லூரி அணியில் அவன் சென்டர், அதாவது கூடைக்கு அடியில் நின்று முட்டிமோதி இடம் பிடிக்க வேண்டிய ஆள். கைநீளம் போதும், குதிப்பு சுமார், ஆனால் தயாரிப்பிலேயே ஒரு கோளாறு இருக்கிறது, தயாரிப்பாளர் உங்கள் தங்கை. யார் மேலாவது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று மூன்று வயதிலேயே பழக்கிவிட்டாள். போன வாரம் இறுதி ஆட்டத்தில் எதிரணிப் பையனின் காலை இவன் மிதித்துவிட்டான், பந்து தலைக்கு மேலே இருக்கிறது, பயிற்சியாளர் “யல்லா, யல்லா” என்று அவசரப்படுத்திக் கத்துகிறார், இவனோ அந்தப் பையனின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறான், அதற்குள் அவன் பந்தைக் கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டான். இப்படி ஏழு தடவை. இரண்டே புள்ளியில் தோற்றோம். மெட்ரோவில் வரும்போது, “ஏன்டா, அங்க போயுமா?” என்று கேட்டேன். “தானா வந்துடுதுப்பா” என்றான். பத்மாவிடம் முறையிட்டால், “அதுக்காக மிதிச்சுட்டு சும்மா வரச் சொல்றீங்களா?” என்கிறாள்.

ஆகவே என் முடிவு, ரிஜெக்ட். டிக்கெட் போடுகிறேன், வேலையை அவனுக்கே வையுங்கள். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று இரண்டு தடவை அவன் அறைக் கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன், அது வேறு விஷயம்.

அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தை அனன்யாவுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உமாபதி

பி.கு.: இந்தக் கடிதத்தை ஊருக்குக் கொண்டுவரும் நண்பர் ஐயப்பன் இன்று, வியாழக்கிழமைதான் புறப்படுகிறார். அதற்குள் ஷார்ஜா ஆட்டமும் முடிந்துவிட்டது. அங்கேயும் மிதித்தான், தொட்டு ஒற்றிக்கொண்டான். எதிரே நின்ற ராட்சச ஆள் தன் கைக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டு நிற்க, நிதின் பந்தைப் போட்டுவிட்டான். நாலு தடவை அப்படியே. கிளப் பயிற்சியாளர் என்னிடம் வந்து, இப்படியொரு தந்திரத்தை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். அவன் அம்மா என்றேன். “அப்பா, நான் நிஜமாவே மிதிச்சேன்ப்பா” என்று நிதின் காதைக் கடித்தான். “நீ சும்மா இரு” என்றேன். இரண்டு வருஷ ஒப்பந்தம். அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். பழக்கதோஷம், பக்கத்திலேயே ‘ஓகே’ என்றும் எழுதிவிட்டேன். அதை அடித்துவிட மனம் வரவில்லை.