இன்னொரு கொதி

சித்தூர் பேருந்து நிலையத்தைச் சுற்றி டீ குடித்த எந்த வெளியூர்க்காரருக்கும் வயிறு கெட்டதில்லை என்றால், அதற்குக் காரணம் நகராட்சியும் இல்லை, மலை மேல் நிற்கும் பெருமாளும் இல்லை. கொதி நைனாதான்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கூரியர்காரர்கூட ‘கொதி நைனா ஊடு எது’ என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். நகரியில் விசைத்தறி ஓட்டியவர். தறிகளை விற்றுவிட்டு மகன் வீட்டுக்கு வந்தபோது அவர் கூடவே கொண்டுவந்தவை பாதி மந்தமான காதும், கொஞ்சமும் மந்தமில்லாத குரலும். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்களுக்கு மெதுவாகப் பேசுவது என்று ஒன்று இருப்பதே தெரியாது. நைனா ரகசியம் சொன்னால் கங்காதர நெல்லூரில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ளலாம்.

அந்தக் குரலை அவர் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் செலவழித்தார். தெருமுனையில் முனிரத்தினத்தின் டீக்கடை. இஞ்சியும் ஏலக்காயும் நசுக்கிப் போட்டுப் பால் பொங்கி விளிம்புக்கு வரும். முனிரத்தினத்தின் கை அடுப்புத் திருகுக்குப் போகும். அப்போது பின்னாலிருந்து வரும் அந்தச் சத்தம்: “இன்னொரு கொதி உடு.”

முனிரத்தினமும் சும்மா இருக்கிறவர் இல்லை. “கேஸ் சிலிண்டர் உங்க ஊட்லர்ந்தா வருது, நைனா?” என்பார்.

“சிலிண்டர் தீந்தா வேற வாங்கிக்கலாம். கொடலு எந்தக் கடைல விக்கறான்?”

இஞ்சி போட்டால் கிருமி செத்துவிடும் என்று யாராவது சொன்னால் நைனாவுக்குப் பொறுக்காது. இஞ்சி வாசனைக்கு, கிருமிக்குக் கொதிதான் என்பார். அடுப்பிலிருந்து இறக்கிய டீயின் மேல் மசாலாப் பொடி தூவும் கடைக்காரர்களை அவர் மனிதர்களாகவே மதித்ததில்லை. ஆனால் அவருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. டீ வருவதற்கு முன் கடைத் தண்ணீர் டிரம்மில் டம்ளரை முக்கி ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிடுவார். வெறும் வயிற்றில் சூடு இறங்கக் கூடாதாம். நம் ஊரில் பாதிப் பேர் செய்வதுதான், அதனால் யாரும் அதை ஒரு விஷயமாகப் பார்க்கவில்லை.

ஒருமுறை வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வடநாட்டுக் குடும்பம் ஒன்று பேருந்து நிலையத்தில் டீ வாங்கியது. அந்த வீட்டு மனிதர் கண்ணாடி கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, குடிக்கலாமா என்று தன் மனைவியிடம் இந்தியில் கேட்டிருக்கிறார். நைனாவுக்கு இந்தி தெரியாது, சந்தேகம் தெரியும். கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கி, டீயைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றி, “மள்ளீ மரிகிஞ்சு” என்று கடைக்காரருக்குத் தெலுங்கில் ஆணையிட்டார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கொதிக்க வைத்தார். டீ பொங்கியது, அடங்கியது, மீண்டும் பொங்கியது. அதற்குள் வேலூர் பஸ் கிளம்பிப் போய்விட்டது. அந்தக் குடும்பம் டீயை மிக நிதானமாக ரசித்துக் குடித்தது என்று முனிரத்தினம் சொல்வார். வேறு என்ன செய்வது?

எங்கள் தெருவில் நடந்த ஒரு நிச்சயதார்த்தத்தில் சமையல்காரரின் பின்னால் போய் நின்றுவிட்டார். நைனா அவரை விட்டுவிட்டு வெளியே வந்தபோது டீ கஷாயமாகியிருந்தது. சம்பந்தி வீட்டாருக்கு நாக்கு வெந்துபோய், சண்டை போடலாம் என்று வைத்திருந்த பேச்சையெல்லாம் பேசாமலே தட்டு மாற்றிக்கொண்டார்கள். அந்தத் தம்பதி இன்று வரை ஒற்றுமையாக இருப்பதற்கு நைனா தன்னைத்தான் காரணமாகச் சொல்வார்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் என் மகளுக்குக் காவலாக அழைத்துக்கொண்டு போனேன்.

தாரிணி ஜெர்மனியில் மேல்படிப்பு படிக்கிறாள். இரண்டு வருடம் கழித்து லீவுக்கு வந்தவளிடம் நான் விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிட்டேன்: வெளியில் தின்னாதே, சட்னி தொடாதே, ஐஸ் கேட்காதே. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே சூத்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மண்டையில் ஏறும் என்று நம்புகிறவள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய தாரிணி ஒன்றுக்கு மட்டும் மறுத்தாள்.

“ரோட்டுக்கடை மசாலா டீ குடிக்கக் கூடாதுன்னா நான் ஊருக்கு வந்ததே வேஸ்ட் மா.”

என் கணவருக்குச் சூளூர்பேட்டையில் வேலை, அவரால் வர முடியவில்லை. திருப்பதிக்குக் கார் வைத்தோம். முன் சீட்டில் கொதி நைனா. வேண்டுதல் ஒன்றும் இல்லை, மொட்டை போடவும் தலையில் முடி இல்லை. டீக்காக மட்டுமே திருப்பதிக்கு வந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

வழியில் ஒரு கடையில் நிறுத்தினோம். “ஏமி காது, தாகண்டி” என்றார் கடைக்காரர். ஒன்றும் ஆகாது, குடியுங்கள் என்று. அந்த வார்த்தையைக் கேட்டதும் நைனாவுக்கு வேகம் வந்துவிட்டது. அடுப்பை ஒட்டி நின்றுகொண்டு, பால் பொங்கும்போதெல்லாம் “இன்னொரு கொதி” என்றார். லாரி டிரைவர்கள் கூடிவிட்டார்கள். அடுத்த கொதியில் இறக்குவாரா மாட்டாரா என்று அவர்களுக்குள் வாதம். நாங்கள் எல்லோரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். டீ கடைசியில் வந்தது. தாரிணி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும், இதற்காக நைனாவை உலகம் முழுக்கக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று எனக்குத் தோன்றியது.

தரிசனம் முடித்துக் கீழே இறங்கிய பிறகுதான் ஆரம்பித்தது. முதலில் தாரிணிக்கு வாந்தி. அப்புறம் வயிற்றுப்போக்கு. மறுநாள் காலை அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. கண் உள்ளே போய், உதடு வறண்டு, நான் கேட்டதற்குப் பதில் சொல்லவே நேரம் எடுத்தாள். திருப்பதியிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டிரிப்ஸ் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தேடிய அந்த நேரம் முழுக்க நான் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

போனில் விசாரித்த ஒவ்வொருவரும் ஒரே தீர்ப்புத்தான் சொன்னார்கள்: டீ. வெளிநாட்டு வயிறு, ரோட்டுக்கடை டீ, வேறு என்ன? வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த நைனாவை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். டீ என்றேன். கொதிக்க வைத்த டீயா என்று கேட்டார். கொதி என்ற சொல் மட்டும் நைனாவின் காதுக்குத் தப்பாது. நான் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து பதில் வந்தது.

“என் மூஞ்சிக்கு முன்னால கொதிச்சுது டாக்டரம்மா. மீசை பொசுங்கிச்சு.”

அப்படிக் கொதித்துச் சுடச்சுடக் குடித்த டீயால் இப்படி ஆவது அபூர்வம் என்றார் டாக்டர். வெட்டி வைத்த பழம்? இல்லை. ஐஸ்? இல்லை. கோயில் பிரசாதத்தைத் தவிர நான் கொண்டுபோன புளிசாதம்தான், அதை நானும்தான் சாப்பிட்டேன். கட்டிலிலிருந்து தாரிணி மெல்லச் சொன்னாள்: “டீக்கு முன்னாடி தண்ணி குடிச்சேன். டிரம் தண்ணி.”

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும் என்றார்.

“இன்னா சொல்றாங்க?” என்று நைனா கேட்டார்.

டாக்டர் அவருக்காகக் குரலை உயர்த்தினார். “டீ ஒண்ணும் பண்ணல தாத்தா. தண்ணிதான்.”

வார்டு முழுக்கக் கேட்டது. நைனா என் பக்கத்தில் வந்து பேசினார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை; அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்தது அவருக்கே தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

“பாப்பாக்கு அந்தத் தண்ணிய நான்தான் மொண்டு குடுத்தேன், டீச்சரம்மா.”

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. “நீங்களும்தானே குடிச்சீங்க நைனா” என்றேன்.

“என் வவுறு தறி ஓட்டுன வவுறு. அதுக்கு இன்னா தெரியும்?”

அன்று சாயங்காலம் ஒரு பிளாஸ்க்கில் கொதிக்க வைத்த தண்ணீரோடு வந்தார். இரண்டு டம்ளர்களில் மாற்றி மாற்றி ஆற்றி, தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, பிறகுதான் தாரிணியிடம் கொடுத்தார். பெரியவர் கேண்டீன் அடுப்பை விட்டு நகரவே இல்லை, ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேண்டீன்காரர் என்னிடம் சொன்னார். என்ன உறவு என்றும் கேட்டார். பக்கத்து வீடு என்றேன்.

தாரிணி தேறினாள். ஊருக்குத் திரும்பினோம். நைனா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. முனிரத்தினத்துக்கு முதலில் கொண்டாட்டமாக இருந்தது. இஷ்டப்பட்ட நேரத்தில் அடுப்பை அணைத்தார். அப்புறம் பால் பொங்கும்போதெல்லாம் தெருமுனையைத் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். டீயில் ருசி இல்லை என்று வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். “கத்தறதுக்கு ஆள் இல்லாம கை நிக்க மாட்டேங்குதும்மா” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஜெர்மனிக்குக் கிளம்புகிற அன்று தாரிணி நேராக நைனா வீட்டுக்குப் போனாள். கூடவே போன நான் வாசலில் நின்றேன். “ஏர்போர்ட் போறதுக்கு முன்னாடி ஒரு டீ வேணும். நீங்க வராம நான் குடிக்க மாட்டேன்” என்றாள். அவர் மாட்டேன் என்று கையை ஆட்டினார். இவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் வந்தார். அக்குளில் ஒரு பாட்டில், வீட்டில் கொதித்து ஆறிய தண்ணீர். டிரம் பக்கம் திரும்பாமல் தனக்கும் தாரிணிக்கும் அதிலிருந்து ஊற்றினார். அடுப்புக்கு முன் நின்றார். பால் பொங்கி விளிம்புக்கு வந்தது. முனிரத்தினத்தின் கை திருகில் நின்றது. கடையே நைனாவின் வாயைப் பார்த்தது. அவர் பேசவில்லை.

“இன்னொரு கொதி உடு, முனிரத்தினம்” என்றேன் நான், வகுப்பறைக் குரலில்.

நைனா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு தெரு முழுக்க அதிர்ந்தது: “அதுக்கு அப்பால இன்னொண்ணு.”

தாரிணி போய்விட்டாள். போனில் நான் இன்னும் அதே சூத்திரங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தாலும் எனக்கு அந்த ஊசியும் நரம்பும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. காலையில் என் அடுப்பில் பால் பொங்கி வரும்போது அணைக்கக் கை போகிறது. உடனே அணைப்பதில்லை. தெருமுனையிலிருந்து அந்தச் சத்தம் வருகிறதா என்று ஒரு நிமிடம் காது கொடுத்து நிற்கிறேன். வந்த பிறகுதான் அணைக்கிறேன்.