உறுமி தடுக்கிய இடம்

பினாங்குத் தீவில் குழாய், வாளி, பானை, தண்ணீர்த் தொட்டி என்று எதையும் பெட்டி அண்ணன் முனகிப் பார்க்காமல் விட்டதில்லை. மிகைப்படுத்துவது என் பழக்கமில்லை. வாயுள்ள ஒரு பொருளைக் கண்டால் போதும், அதற்குள் முகத்தைக் கொடுத்து "ம்ம்ம்ம்" என்று முனகத் தொடங்குவார். குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குவார். ஓரிடத்தில் அந்தப் பொருள் பதிலுக்கு அதிரும். உடனே நிமிர்ந்து, "கேட்டியா தங்கச்சி, பேசுது!" என்பார். எங்கள் புளோக்கின் லிப்டுகூட அவரோடு பேசியிருக்கிறது. அவர் உள்ளே நின்று முனகிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. பாசாரில் காய்கறி வாங்கிய கூடையோடு காத்திருந்த கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, படியேறியே வீட்டுக்குப் போனார்.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் அவர் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. நடுவில் ஒரே சுவர். தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், அதன் பிறகு ஒலிபெருக்கிப் பெட்டி செய்வதையே முழுநேர வேலையாக்கிக்கொண்டார். பலகையை அறுத்து ஒட்டுவார், ஸ்பீக்கரைப் பொருத்துவார், அதற்குக் கீழே ஓர் ஓட்டை போட்டு உள்பக்கமாக ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகுவார். அந்தக் குழாய்க்கு அவர் வைத்த பெயர் மூக்கு.

"பெட்டி மூச்சு விடணும் தங்கச்சி. மூக்கு நீளமா இருந்தா சத்தம் கீழ இறங்கும். குட்டையா இருந்தா மேல ஏறிக்கும். சரியான நீளம் எங்கயோ நடுவுல இருக்கு."

அந்தச் சரியான நீளம் அவருக்கு மட்டும் கிடைக்கவே இல்லை. செய்வார், கேட்பார், உடைப்பார். மறுபடி செய்வார். ஒரு பெட்டியைக்கூட யாருக்கும் விற்றதில்லை, கொடுத்ததுமில்லை. ஏனென்றால் அவை எல்லாமே ஒரே ஓர் ஆளின் காதுக்காகச் செய்யப்பட்டவை. அந்த ஆள், பாலம் தாண்டிச் சுங்கை பாக்காப்பில் இருந்த அவருடைய தம்பி சேகர்.

சேகர் உறுமி வாசிப்பவர். பல வருடங்களுக்கு முன் ஒரு கோயில் திருவிழாவில் சேகரின் குழு வாசித்தது. ஒலிபெருக்கி ஏற்பாடு அண்ணனுடையது, பெட்டிகளும் அவர் கையால் செய்தவை. வளைந்த குச்சி தோலைத் தேய்க்கத் தேய்க்க உறுமி இழைந்து இழைந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று ஓரிடத்தில், பெரிய விருந்து சாப்பிட்டவர் ஏப்பம் விட்டதைப் போல, "டுப்" என்று ஒரு சத்தம். கூட்டம் சிரித்துவிட்டது. சேகர் குச்சியைக் கீழே போட்டார். எல்லாருக்கும் முன்னால் பெட்டியைக் கைகாட்டி, "எங்கண்ணன் பெட்டி என் உறுமியைக் கொன்னுருச்சு. இனிமே அவரு பெட்டி இருக்கிற வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன்" என்றார். அண்ணன் வீட்டில் பெட்டி இல்லாத மூலை கிடையாது. ஆகவே சேகர் வரவே இல்லை. இரண்டு வீட்டுப் பெண்கள் மட்டும் ரகசியமாகப் போனில் பேசிக்கொண்டார்கள்.

அன்றைய வாசிப்பின் பதிவு அண்ணனிடம் இருந்தது. புதுப் பெட்டி ஒவ்வொன்றிலும் முதலில் அதைத்தான் போடுவார். உறுமி எங்கும் தடுக்காமல் இறங்குகிற ஒரு பெட்டியைச் செய்ய வேண்டும், தம்பியைக் கூப்பிட்டு அதன் முன்னால் உட்கார வைக்க வேண்டும். அவருக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அவ்வளவுதான். மாலையில் சுவர் வழியாக அந்த உறுமி எனக்கும் வரும். நான் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். இறங்கும், இறங்கும், "டுப்". பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

ஒருநாள் மனம் கேட்காமல் சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, பெட்டி மாறிக்கிட்டே இருக்கு. தடுக்கிறது மட்டும் அதே இடத்துல இருக்கே. ஒருவேளை வாசிப்பிலயே..."

"தங்கச்சி." அவர் கையிலிருந்த ஸ்குரூடிரைவர் அப்படியே நின்றது. "என் பெட்டியை என்ன வேணாலும் சொல்லு. சேகர் கை தப்பாது."

அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

குழாய் வாங்க அவர் போகும் இரும்புக்கடை மார்க்கெட் பக்கத்தில் இருந்தது. அங்கே அடுக்கியிருக்கும் குழாய்களில் ஒவ்வொன்றாக எடுத்து முனகுவார். கடைக்காரத் தவுக்கே பொறுமைசாலி. அவருக்கே ஒருநாள் தாங்கவில்லை. "அங்கிள், பைப் வாங்க வந்தியா, பைப்பைக் கல்யாணம் பண்ண வந்தியா லா?" என்று கேட்டார். அண்ணன் அசரவில்லை. "பொண்ணு பார்க்கும்போது குரலும் கேட்கணும் தவுக்கே" என்றார்.

அந்த நாளில்தான் கடையில் பொருத்தமான நீளம் கிடைக்காமல் வீடு திரும்பினார். அன்று மாலை அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தார். தண்ணீர் முழுவதும் அவர் காலில் கொட்டியது. குனிந்து பார்த்தால் சிங்க்குக்கு அடியில் இருக்க வேண்டிய குழாயைக் காணோம். கூடத்தில் உறுமி ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த வீட்டுல எனக்கு ஒரு மூக்கு இருக்கே, அது உங்க கண்ணுக்குப் படலையா?" என்று அக்கா கத்தியது எனக்குச் சுவர் தேவைப்படாமலே கேட்டது.

ஆனால் ஒரு மாலையில், ஒரே ஒரு மாலையில், தடுக்கல் பாதியாகக் குறைந்தது. எனக்கே அது தெரிந்தது. அண்ணன் ஓடிவந்து என் கதவைத் தட்டினார். "தங்கச்சி, கேட்டியா? கேட்டியா?" மறுநாள் அதே பெட்டி, அதே குழாய், அதே பதிவு. பழைய "டுப்" திரும்பிவிட்டது. குழம்பிப்போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே வெள்ளை முடி. எங்கள் மாடியில் ஒரு வெள்ளைப் பூனை இருந்தது, பிறவிச் செவிடு. முந்தின நாள் குழாய் செருகுவதற்கு முன், ஓட்டை வழியாக நுழைந்து உள்ளே தூங்கியிருக்கிறது. பிறகு அவர் குழாயைக் கழற்றியபோது அவருக்கே தெரியாமல் வெளியேறியும் இருக்கிறது.

இடிவிழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "உள்ள மெத்துன்னு ஏதோ இருக்கணும் தங்கச்சி. சத்தம் சுவத்துல முட்டித் திரும்பாம உறிஞ்சிக்கிடணும். ஒரு பூனை அளவு."

பூனை அளவு பஞ்சைத் தேடி அவர் வீடு வீடாகத் தலையணை கேட்கப் போனார். பழைய இலவம் பஞ்சுத் தலையணைதான் வேண்டும் என்றார். புளோக்கில் பாதிப் பேர் கொடுத்தார்கள், மீதிப் பேர் மந்திரவாதம் என்று பயந்து கதவைச் சாத்தினார்கள். வாங்கி வந்த பஞ்சைக் கூடத்தில் கொட்டிப் பிரித்தவர், வெக்கை தாங்காமல் காற்றாடியைப் போட்டுவிட்டார். அவ்வளவுதான். ஜெலுத்தோங்கில் பனி பெய்தது. வெள்ளைப் பூனை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அண்ணன் இருமத் தொடங்கினார், நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் தலைமுடியிலிருந்த பஞ்சைப் பார்த்த மலாய் டாக்டர், "பாக்சிக், தலையணைத் தொழிற்சாலையில வேலையா?" என்று கேட்டார். மூச்சு விடவே சிரமப்படுகிறார் என்று அக்கா சுங்கை பாக்காப்புக்குப் போனில் சொல்லி அழுதார்.

அண்ணன் தேறி வீடு திரும்பினார். திரும்பியதும் செய்த முதல் காரியம், தச்சரிடம் கொடுத்திருந்த புதுப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னது. இது மற்றவற்றைப் போலில்லை. ஆள் உயரம். உள்ளே பஞ்சு, நீளமான மூக்கு, வெளியே பளபளக்கும் வார்னிஷ். தூறல் போட்டதால் தச்சர் வெள்ளைத் துணியைப் போர்த்தி லோரியில் அனுப்பியிருந்தார். லிப்டில் நுழையவில்லை. நான்கு பேர் தோளில் தூக்கிப் படியேறினார்கள். மாடிக்கு மாடி ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். சீன ஆன்ட்டி தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து சேகரின் மனைவி போன் செய்திருக்கிறார். வார்னிஷ் நெடியில் அக்காவுக்குத் தொண்டை கம்மியிருந்தது. "பெட்டி வந்துருச்சும்மா... மேல தூக்கிட்டு வர்றாங்க... ஆளுங்க நிறைய நிக்கிறாங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு வந்த அழைப்புகளை யாரும் எடுக்கவில்லை. வாசலில் பெட்டியை நுழைக்க எல்லாருக்கும் இரண்டு கையும் தேவைப்பட்டது.

பாலம் தாண்டி ஒரு வேன் வந்து நின்றது. சேகர், அவர் மனைவி, குழு ஆட்கள், ஒரு பெரிய ரோஜா மாலை. சேகரின் தோளில் உறுமி தொங்கியது. அண்ணனை வாசித்து அனுப்ப வந்திருந்தார். கூடத்துக்குள் நுழைந்தவர், நடுவில் படுக்க வைத்திருந்த வெள்ளைத் துணி போர்த்திய பெட்டியைப் பார்த்தார். "அண்ணே!" என்று அலறி அதன்மேல் விழுந்தார்.

சமையலறையிலிருந்து ஒரு குரல் பாய்ந்து வந்தது. "டேய்! டேய்! மேல விழாதடா, வார்னிஷ் இன்னும் காயல!"

இத்தனை வருடங்களுக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

சேகர் நிமிர்ந்தார். துணி பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. "நீ... சாகலையா?"

"இல்லையே. யார் சொன்னா?"

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். "பெட்டி வந்துருச்சுன்னு சொன்னேன். வந்துச்சா இல்லையா?" என்றார் அக்கா.

"பாலத்துல ஜாம்! வேனுக்குள்ள அழுதுக்கிட்டே வந்தேன், தெரியுமா?" சேகருக்கு முகம் சிவந்துவிட்டது. உறுமியைத் தோளில் சரிசெய்துகொண்டு திரும்பினார். அண்ணன் வாசலில் போய் நின்றார்.

"ஒரே தடவை கேட்டுட்டுப் போ. தடுக்குச்சுன்னா இதையும் உடைச்சிடறேன். அப்புறம் உன்னைக் கூப்பிடவே மாட்டேன்."

பெட்டியை நிமிர்த்தினார்கள். அண்ணன் பதிவைப் போட்டார். உறுமி வந்தது. சுவர் வழியாக நான் கேட்ட உறுமி இது இல்லை. தரையிலிருந்து எழுந்து முழங்கால் வழியாக ஏறியது. குச்சி தோலைத் தொடுவதுகூடத் தனியாகக் கேட்டது. இறங்கியது, இறங்கியது.

"டுப்."

முன்னெப்போதையும்விடத் தெளிவாக. அண்ணன் குனிந்து சுத்தியலை எடுத்தார். சேகர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பெட்டியை விடுண்ணே. அது நான்தான்."

"என்னது?"

"குச்சி நழுவிருச்சு. கை வேர்த்துப்போய் இருந்துச்சு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. பக்கத்துல உன் பெட்டிதான் இருந்துச்சு."

சுத்தியல் பறக்கும் என்றுதான் நான் நினைத்தேன். அண்ணன் விரல் மடக்கி எதையோ யோசித்தார். "அப்ப அந்தக் கறுப்புப் பெட்டி? அதுவும் சரியாத்தான் இருந்துச்சா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"சிங்க் பைப் போட்டது?" என் பக்கம் திரும்பினார். "ஐயோ தங்கச்சி, எல்லாத்தையும் உடைச்சுப் போட்டேனே!"

சிரிக்க ஆரம்பித்தார். சேகரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குப் பிடிபடவில்லை. எங்கும் தடுக்காமல் இறங்கிவிட்டது. வாங்கி வந்த மாலையை அக்கா பெட்டிக்கே போட்டார். கொண்டுவந்த உறுமியைச் சேகர் அங்கேயே உட்கார்ந்து வாசித்தார். கீழிருந்து சீன ஆன்ட்டி துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். அவரும் தாளத்தில்தான் இடித்தார் என்று அண்ணன் அடித்துச் சொன்னார்.

சில மாதங்களில் அண்ணனும் அக்காவும் சுங்கை பாக்காப்புக்கே போய்விட்டார்கள். தம்பி வீட்டுக்குப் பக்கத்து வீடு காலியானது, எவ்வளவு சத்தம் போட்டாலும் கேட்க ஆளில்லை. இங்கே அவர் வீட்டில் இப்போது வேலைக்குப் போகும் இளம் தம்பதி இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், இருப்பதே தெரியாது. சில மாலைகளில் பாதி மடித்த துணியோடு நிற்கிறேன். எதற்காக நிற்கிறேன் என்று சற்றுத் தாமதமாகத்தான் உறைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் போன் செய்வார். "சேகர் வாசிக்கிறான், கேளு" என்று போனை உறுமிக்குப் பக்கத்தில் பிடிப்பார். கைப்பேசிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் நகத்தளவு. உறுமியின் அடிச்சத்தம் அதில் வர வழியே இல்லை. தகரத்தில் மழை விழுவதுபோல் ஒரு படபடப்பு மட்டும் கேட்கும். இதையெல்லாம் எனக்கு விளக்கியவரே அவர்தான்.

"வருதா தங்கச்சி?"

"வருதுண்ணே."

"அடியில?"

"அடியிலதாண்ணே. நல்லா வருது. இன்னும் கொஞ்ச நேரம் பிடிங்க."