பாம்புக்காது தட்டிப் பார்த்த தகடு

வட ஆற்காடு ஜில்லாவில், பாம்புக்காது என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த மனுஷர் தட்டிப் பார்க்காத இரும்புச் சாமான் ஒன்றுகூட இருந்திருக்காது. தெருக்குழாய், மாட்டு வண்டிப் பட்டை, தாசில்தார் கச்சேரி இரும்புப் பெட்டி, எதுவானாலும் சரி, இடுப்பிலிருந்து சின்னச் சுத்தியை உருவி ‘டொக்’ என்று ஒரு தட்டு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு காதைக் கிட்டே கொண்டுபோவார். சத்தம் பிடித்திருந்தால் தலையாட்டுவார். பிடிக்காவிட்டால் சாமானுக்கு உரியவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

காட்பாடி ஜங்ஷனில் வந்து நிற்கிற ரயில்களின் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பதுதான் அவருக்கு உத்தியோகம். விரிசல் விட்ட சக்கரம் செத்த சத்தம் கொடுக்கும். ஒருநாள் அப்படிக் கேட்டதென்று மெயில் வண்டியையே ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டார். அதிகாரிகள் குனிந்தும் படுத்தும் பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தார்கள். ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. வண்டியை அனுப்பிவிட்டு, கையோடு அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்டுபிடித்தால் மட்டும் போதாது, ஒட்டவும் தெரிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, நாற்பது வயதில் வேலூரில் ஒரு தொழிற்பள்ளிக்கு வெல்டிங் படிக்க வந்து சேர்ந்தார்.

அங்கேதான் எனக்கு அவர் பழக்கம். நான் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவன். கொஞ்சம் இரும்பு வேலையும் தெரியும். முதலாளி சாயபு புதிதாக பாய்லர் வாங்கியிருந்தார். சர்டிபிகேட்டோடு வந்தால் பாய்லர் ரூம் உனக்கு, இல்லையென்றால் குழி இருக்கவே இருக்கிறது என்று சொல்லி என்னை ஒரு வருஷம் படிக்க அனுப்பினார். சுண்ணாம்பு தின்று என் கால் விரல்கள் வெந்துபோயிருந்தன. வீட்டில் மூன்று குழந்தைகள். தினமும் காலையில் முழங்காலில் நின்று, “ஆண்டவரே, அடியேனை மறுபடி அந்தக் குழிக்கு அனுப்பாதேயும்” என்று ஜெபித்துவிட்டுத்தான் பட்டறைக்குப் போவேன்.

பட்டறையில் நாங்கள் ஆறு பேர். கார்பைட் கல்லில் தண்ணீர் விட்டால் வாயு கிளம்பும். அழுகின பூண்டு நாற்றம். தோல் ஷெட்டிலிருந்து போன எனக்கு அது சந்தன வாசனை. அந்த வாயுவைக் கொளுத்தி, நீலக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு தகடுகளின் ஓரத்தை உருக்கி ஒன்றாக்க வேண்டும். நாங்கள் ஒட்டினதைக் கண்ணால் பார்த்துத் திருப்திப்படுவோம். பாம்புக்காது தன்னுடையதைத் தட்டி, “உள்ள காத்து நிக்குது” என்று தூக்கி எறிவார். பிறகு எங்களுடையதை எறிவார். ஒருநாள் வாத்தியார் மாதிரிக்குச் செய்து வைத்த தகட்டையே எறிந்துவிட்டார். வாத்தியார் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்கு அழைத்துப்போனது என் தப்புதான். ஆராதனை முடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். மணிக்கூண்டு உச்சியிலிருந்து ‘டொக்’ என்று கேட்டது. இறங்கி வந்து, மணியில் விரிசல் இருப்பதாகப் போதகரிடமே சொன்னார். சீமையிலிருந்து வந்த மணி என்று போதகர் முகத்தைச் சுளித்தார்.

“சீமையிலயும் விரிசல் விடும் சாமி.”

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மணி தகர டப்பாவைப் போல அடித்தது. சபையார் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், விரிசலை நான்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன் என்பதுபோல.

பரீட்சை நாள் வந்தது. மதராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். ஆளுக்கு ஒரு ஜோடித் தகடு, ஒரே ஒரு தடவைதான். ஒட்டி ஆறியதும் அவர் அதை வைஸ் இடுக்கியில் இறுக்கிக் குதிரை லாடம்போல வளைப்பார். ஒட்டு பிளந்தால் சர்டிபிகேட் கிடையாது.

பாம்புக்காது முதலில் முடித்தார். தட்டினார், கண்ணை மூடினார், தகட்டை ஓரமாகப் போட்டுவிட்டார். வளைத்தாவது பார்க்கலாமே என்று அதிகாரி சொன்னதற்கு, எனக்கே தெரியும்போது உங்களுக்கு ஏன் சிரமம் என்றார். ஒரு வருஷப் படிப்பு அரை நிமிஷத்தில் போய்விட்டது.

அடுத்தது என் தகடு. நான் வேர்வையைத் துடைப்பதற்குள் ‘டொக்’. பழக்க தோஷம். அந்த முகம் எப்போது எப்படி மாறும் என்று எனக்கு அத்துப்படி. தகட்டைத் தூக்கி எறியப்போகிற முகம் அது. அதிகாரிக்கும் வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

“இன்னாப்பா, உன் காது இன்னா சொல்லுது?” என்று கேட்டார்.

பாம்புக்காது என் கால் விரல்களைப் பார்த்தார். பிறகு சுத்தியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“நல்லாத்தான் கேக்குது துரை. வளைங்க.”

தகடு லாடமாக வளைந்தது. பிளக்கவில்லை. எனக்கு சர்டிபிகேட் கிடைத்தது.

வெளியே வந்து, “அண்ணா, இன்னிக்கு உங்க காது தப்பு பண்ணிடுச்சு, உங்க மூஞ்சியப் பாத்து நான் பயந்தே போய்ட்டேன்” என்றேன். அவர் தகட்டை வாங்கி, ரம்பத்தால் ஒட்டின் குறுக்கே அறுத்துக் காட்டினார். உள்ளே கடுகளவு ஓட்டை.

“எனக்குத் தட்டிப் பொழைக்க சுத்தி இருக்குது. உனக்குக் குழிதான் இருக்குது, அதான் நல்லாருக்குதுன்னு சொல்ட்டேன். ஆனா பாய்லரு வெடிச்சா நாலு உசுரு போய்டும். இனிமே வாராவாரம் வருவேன். நீ பத்தவச்சத எல்லாம் கேட்டுட்டுத்தான் போவேன்.”

வந்தார். வேலூர்ப் பாத்திரக் கடைகளில் அண்டா தட்டிப் பார்த்துப் பிழைத்துக்கொண்டே, சனிக்கிழமை தவறாமல் ரயிலேறி ஆம்பூர் வந்தார். உன் தோஸ்த்துக்குத் தலை சரியாக இருக்கிறதா என்று முதலில் கேட்ட சாயபு, பிறகு அவருக்கென்று தனியாக டீ வரவழைத்தார். பிடிக்காத ஒட்டில் பாம்புக்காது சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுவார். நான் அதை அறுத்து மறுபடி ஒட்டுவேன். வருஷம் போகப் போகக் கோடுகள் குறைந்தன. ஒரு சனிக்கிழமை ஒன்றுமே விழவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை தட்டினார்.

“எல்லாம் சுத்தமா கேக்குதுப்பா. இனிமே நான் வர வேண்டியதில்ல” என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்ல முழங்காலில் நின்றேன். கண் அவர் பாதியில் வைத்த டீயிலேயே நின்றது. அடுத்த சனிக்கிழமை ரயில் வந்து போன சத்தம் கேட்டபோது, கையில் வேலை ஓடவில்லை.

அதற்கடுத்த வாரம் எங்கள் வீட்டு இரும்பு வாளியின் அடியை அறுத்து, வேண்டுமென்றே மட்டமாகப் பற்றவைத்தேன். நல்ல வாளிக்கு வந்த கேட்டைப் பார்த்து என் வீட்டுக்காரி திட்டினாள். ஓர் ஒட்டில் சந்தேகம் இருக்கிறது என்று காட்பாடிக்குச் சொல்லி அனுப்பினேன். பொய்தான். ஆண்டவர் மன்னிப்பார்.

வந்துவிட்டார். நான் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த வாளி அவர் காலிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குப் பாம்புக்காது தேவையில்லை. ஆனாலும் சுத்தியை எடுத்துத் தட்டினார். கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“ரொம்ப மோசம்பா. அடுத்த வாரமும் வந்து பாத்தாத்தான் ஆகும்.”