சான் மரினோ மேல் விழுந்த கண்

செர்ரவாலே மைதானத்துக்கு இவ்வளவு கூட்டம் ஒருநாளும் வந்ததில்லை. அன்று வந்ததும் பந்தாட்டம் பார்க்க அல்ல, திருஷ்டி கழிக்க.

சான் மரினோ எங்கள் நாடு. மலைமேல் மூன்று கோபுரம், அடிவாரத்தில் ஒரு மைதானம், அதற்கென்று ஒரு தேசியக் கால்பந்து அணி. எந்தச் சர்வதேசப் போட்டிக்குப் போனாலும் எதிரியின் மனம் நோகாமல் தோற்றுவிட்டு வரும். நாங்கள் கோல் போட்டால் மாதா கோயில் மணி அடிப்பதாக ஏற்பாடு. மணிக்கயிறு இற்றுப்போய்விட்டதாகக் கேள்வி.

தோல்விக்குக் காரணம் ஆட்டம் தெரியாதது அல்ல, கண்ணேறுதான் என்று கண்டுபிடித்தவர் எர்சிலியா அம்மையார். மைதானத்து மதுக்கடையில் உட்கார்ந்திருப்பார். ஆட்டக்காரரின் சட்டைமேல் தண்ணீர்த் தட்டை வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அதை விரலால் தொடுவார். சொட்டு சிதறி ஓடினால் திருஷ்டி. முதல் தடவை எல்லாருக்கும் ஓடும். பன்றித்தொடையோ பாலாடைக்கட்டியோ காணிக்கையாக வந்து சேர்ந்தபின் தொட்டால் அசையாமல் நிற்கும். எண்ணெய்க்கும் ருசி தெரிந்திருந்தது.

ஆட்டக்காரர்கள் பகலில் வங்கியிலும் கடையிலும் வேலை பார்ப்பவர்கள். பயிற்சிக்கென்று இருந்த மாலை நேரமும் அம்மையாரின் வரிசையிலேயே கழிந்தது.

கோல்காப்பாளர் தெரேசியோ மட்டும் வரிசைக்குப் போகவில்லை. அவருடைய சட்டையைப் பயிற்சியாளர் பிரிமோவே கொண்டுபோய்க் காட்டினார். எண்ணெய் தட்டு முழுக்க ஓடியதாம்.

"பின்லாந்து ஆட்டத்துல நீ வேணாம்ப்பா. கண்ணு உன் மேலதான் நிக்குதாம்."

தெரேசியோவுக்கு வயது முப்பத்தெட்டு. இதுதான் கடைசி ஆட்டம். அதை ஒரு சொட்டு எண்ணெய்க்கு விட்டுக்கொடுப்பதா? ஆத்திரத்தோடு கடைக்குப் போனவர், ஓரமாக நின்று கவனித்தார். சொட்டு ஓட வேண்டியவர்களுக்கு மட்டும் அம்மையார் முதலில் ஒரு கைக்குட்டையை முத்தமிட்டு, அதில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு ஊர் முன்னாடியே பாத்திடுங்கம்மா."

கைக்குட்டை வந்தது. சொட்டு சிதறியது. கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது.

"இப்ப கைக்குட்டை இல்லாம ஒருதரம்."

"அது மாதா பாதத்துல வச்சு எடுத்ததுப்பா. அது இல்லாம பலிக்காது."

"சரி, என் விரலால தொடுறேன்."

கடைக்காரி நோர்மா வேறு தட்டில் தண்ணீர் கொண்டுவந்தாள். சொட்டு நின்ற இடத்திலேயே நின்றது. தெரேசியோ கைக்குட்டையை எடுத்து அதே தண்ணீரில் கசக்கினார். நுரை பொங்கியது.

நோர்மா மோந்து பார்த்தாள். "பாத்திரம் கழுவுற சோப்பு. நான் வாங்குறதேதான்."

"நம்பிக்கை இல்லாதவன் தொட்டா நுரைக்கத்தான் செய்யும்" என்று அம்மையார் மூட்டை கட்டினார். பன்றித்தொடைகளை வண்டியில் ஏற்ற எங்கள் ஆட்களே கைகொடுத்தார்கள்.

தெரேசியோ ஆடினார். ஐந்து கோல் வாங்கினார். ஆறாவதைப் பாய்ந்து தடுத்தபோது மைதானமே எழுந்து நின்றது.

"அந்தம்மாவப் பகைச்சோம், தோத்தோம்" என்றார் பிரிமோ, ஆட்டம் முடிந்ததும்.

"அதுக்கு முன்னாடி?" என்றார் தெரேசியோ.

"அப்பவும் தோத்தோம்."

"பொறாமைப்பட்டவன்தானே கண்ணு வைப்பான்? கடைசி இடத்துல கெடக்குற நம்மளப் பாத்து இந்த ஐரோப்பாவுல எவனுக்குய்யா பொறாமை?"

பிரிமோ யோசித்தார். அவர் யோசித்து நாங்கள் பார்த்தது அதுவே முதல் தடவை.

"அப்ப ஏன்தான் தோக்கிறோம்?"

தெரேசியோ கையுறையைக் கழற்றினார். "நாளைக்குச் சாயங்காலம் பந்தோட வாங்க. பயிற்சி எடுத்துப் பாப்போம். நாம தேடாத இடம் அது ஒண்ணுதான்."