குறைதீர் ஊர்திக்குக் குளிர் ஏறிய வரலாறு

“நாத்தம்னு சொல்றீங்க. எந்த வகை நாத்தம்மா?” என்று ஒருமுறை மாசுக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரி தாமோதரன் ஜானட்டைக் கேட்டார். சோழர் காலம் தொட்டு இன்றுவரை எந்த ராஜாங்கமும் ஒரு குடிமகளிடம் இவ்வளவு நுட்பமாக விசாரித்ததில்லை.

“அழுகின முட்டைய ஆஸ்பத்திரி மருந்துல வேக வெச்ச மாரி சார்,” என்றாள் ஜானட். அவர் அதை “மற்றவை” என்ற பிரிவில் சேர்த்துக்கொண்டார்.

எண்ணூரில் அவள் தெருவுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலையின் மதில். காற்று அந்தப் பக்கமிருந்து திரும்பினால் மகள் டோரதிக்கு மூச்சு இழுக்கும். துறையின் வண்டி வந்து, காற்று கெட்டது என்று ஒரு தடவை பதிவுசெய்தால் போதும். புகைபோக்கிக்கு வடிகட்டி போடச் சொல்லி ஆலைக்கு உத்தரவு போகும். ஜானட் கேட்டது அவ்வளவுதான்.

அதற்கென்றே வாங்கப்பட்டது “நடமாடும் காற்றுத்தர ஆய்வு மற்றும் குறைதீர் ஊர்தி”. யாரோ ஒரு நடிகர் ஓய்வெடுத்தே ஓய்ந்துபோன கேரவன். கூரையில் சதுரமாக ஒரு திறப்பு. அதன் வழியே ஒரு குழாய் வெளிக்காற்றை இழுத்துக் கருவிக்குக் கொடுக்கும். ஒரே ஒரு குறை, உள்ளே தாமோதரனுக்கு வியர்த்தது. வியர்க்கும் அதிகாரியால் மக்கள் குறைகளைக் குளிர்ந்த மனத்தோடு கேட்க இயலாது என்று கூட்டம் கூடி, முந்திரி பக்கோடா தீர்வதற்குள் ஒருமனதாக முடிவெடுத்தார்கள்.

கூரையில் ஏசி மாட்டும் பாக்கியம் ஜானட்டின் கணவன் கஸ்பாருக்கு வாய்த்தது. காசிமேட்டில் ஐஸ் ரூம்களைப் பழுதுபார்க்கிறவன்.

“நம்ம தெருவுக்கு வர்ற வண்டியே என் கைலதான் கீது, தெரியுமா?” என்று வீட்டில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

“யோவ், பீத்திக்காத. ஒயுங்கா மாட்டி அனுப்பு,” என்றாள் அவள்.

தோஸ்து லூர்துவும் துறைமுகத்து ஆட்களும் கயிறு கட்டி, வலை இழுப்பதுபோல் குரல் கொடுத்து ஏசியைக் கூரையேற்றினார்கள். அங்கேதான் தேசியச் சிக்கல் முளைத்தது.

“சார், ஏசி உக்கார ஓட்ட வோணும். கீறது ஒரே ஓட்ட. அதுல உங்க பைப்பு கீது. வேற எடத்துல வெட்டிக்கவா?” என்றான் கஸ்பார்.

தாமோதரன் பதறினார். “கூரையை வெட்ட மேலிட ஒப்புதல் வேணும். ஃபைல் போய்த் திரும்பறதுக்குள்ள மழைக்காலம் வந்துடும். இந்த ஓட்டைக்கு ஏற்கெனவே ஒப்புதல் இருக்கு.”

“அப்ப பைப்பு?”

“உள்ளே இறக்கிடுங்க. காத்து இழுக்கத்தானே பைப்பு? உள்ளேயும் காத்துதானே இருக்கு?”

கூரையிலிருந்து லூர்து தலையை நீட்டினான். “மாமு, தூண்டில பக்கெட்டுல போட்டுகினு கடல்ல மீனே இல்லன்ற மாரி கீதுடா.”

“வாய மூடு. வர்ற வேலைய கெடுக்காத,” என்றான் கஸ்பார்.

துறையின் மற்ற வண்டிகளுக்கு ஏசி மாட்டும் வேலையும் உனக்குத்தான் என்று தாமோதரன் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். கஸ்பார் ரப்பர் வளையத்தை வைத்து, உள்ளிருந்து போல்ட்டுகளை முறுக்கினான். சொட்டு மழை இறங்காது. வெளிக்காற்று எட்டிக்கூடப் பார்க்காது. அப்பழுக்கற்ற வேலை!

வண்டி தெருவுக்கு வந்த அன்று ஆலையும் முழு ஒத்துழைப்பு நல்கியது. தெரு நாய்களே இடம்பெயர்ந்துவிட்டன. இழுத்து இழுத்து மூச்சுவிடும் டோரதியைத் தூக்கிக்கொண்டு ஜானட் வண்டிக்குள் ஏறினாள். ஏசியைக் கவனிக்கக் கஸ்பாரும் உள்ளேதான் இருந்தான். கதவு சாத்தப்பட்டது. சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் இழுப்பு தணிந்தது.

திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

“பாருங்கம்மா, ஏற்காடு தோத்துச்சு! பாப்பாவே சாட்சி, எவ்ளோ நல்லா மூச்சு விடுது!” என்று தாமோதரன் பூரித்தார். எண்ணூரில் சுவாசிக்கத்தக்க காற்று உண்டு என்பதை அறிவியல் அன்று நிலைநாட்டியது. அது அந்தக் கேரவன் அளவுக்கு இருந்தது.

“அப்ப வடிகட்டி, சார்?”

“அதான் தேவையே இல்லைனு ஆயிடுச்சேம்மா.”

ஜானட் அண்ணாந்து பார்த்தாள். ஏசிக்குப் பக்கத்தில், வெளியே நீட்டியிருக்க வேண்டிய குழாய் உள்ளே சுருண்டு தொங்கியது.

“யோவ், இத்த உள்ள வுட்டது யாரு?”

போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று கஸ்பார் மும்முரமாகத் தொட்டுப் பார்த்தான்.

“ஆட்சேபணை ஏதாவது இருந்தா தாராளமா சொல்லுங்கம்மா,” என்றார் தாமோதரன்.

ஜானட் கணவனின் முதுகையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு குழந்தையின் மூக்கை முந்தானையால் பொத்தி, கதவைத் திறந்து இறங்கிப் போனாள்.

‘மனுதாரர் ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கவில்லை. குறை தீர்ந்தது’ என்று பதிவுசெய்துவிட்டு, தாமோதரன் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

“கதவைச் சாத்துங்க, கஸ்பார். நாத்தம் குடலைப் புரட்டுது.”

கஸ்பார் சாத்தினான்.